தூக்கத் தாள்

பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போடுவது பார்ப்பதற்குச் சின்ன வேலை. போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். பன்னிரண்டு நாற்காலிகள். ஒன்று கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்தால், அதில் உட்காருகிறவர் எல்லோரும் தன்னையே உற்றுப் பார்ப்பதாக நினைத்துக்கொள்வார். கொஞ்சம் வெளியே போயிருந்தால் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்பார். இரண்டுமே மறுநாள் கூடுதல் மாத்திரையில் போய் முடியும். அதனால் உதவியாளர்களிடம் விடாமல் நானே போடுவேன். தரை ஓடுகளின் கோட்டை வைத்து அளந்துகொள்வேன். அந்த மனநல வார்டில் இருபத்தொரு வருடம் இருந்தேன், கடைசி ஒன்பது வருடம் பொறுப்பு சிஸ்டராக. நாற்காலி சரியில்லை என்று ஒருவரும் சொன்னதில்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள் மேடம், அதனால்தான் அங்கிருந்து ஆரம்பித்தேன். விசாரணைக்காக நான் பேசுவதைப் பதிவு செய்துகொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. தண்ணீர் வேண்டாம். இந்தத் தம்ளரின் விளிம்பில் யாருடைய உதட்டுக் கறையோ இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

தினமும் காலை பத்து மணிக்கு வட்டம் கூடும். குழு சிகிச்சை என்பது அதன் முழுப் பெயர். நாங்கள் வட்டம் என்றுதான் சொல்வோம். உள்நோயாளிகள் பத்துப் பேர், நடத்துவதற்கு ஓர் ஆலோசகர், கவனித்துக் குறிப்பெழுத நான். முதலில் ஒவ்வொருவரும் அன்றைக்குத் தன் மனசுக்கு எத்தனை மார்க் என்று சொல்ல வேண்டும், ஒன்றிலிருந்து பத்துக்குள். ஆலோசகர் என்னையும் விடமாட்டாள். "சிஸ்டர், உங்க மார்க்?" என்பாள். "எட்டு" என்பேன். ஆறு வருடமாக எட்டுதான். அதற்கு மேல் சொன்னால் என்ன சந்தோஷம் என்று கேட்பாள், கீழே சொன்னால் என்ன துக்கம் என்று கேட்பாள்.

எனக்கு அழுகை பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. அழுகை ஈரமாக இருக்கிறது, அதுதான் பிரச்சினை. மூக்கைச் சிந்திக் கசக்கிப் போட்ட காகிதக் கைக்குட்டைகளை நான்தான் பொறுக்குவேன். சிலவற்றில் இன்னும் சூடு இருக்கும். வட்டம் முடியும்போது எல்லோரும் ஒரு நிமிடம் கைகோத்து நிற்க வேண்டும் என்று ஒரு வழக்கம். எனக்கு இடப்பக்கம் எப்போதும் லாரிக்காரர் என்று நாங்கள் கூப்பிடும் நோயாளி. பிசைந்த மாவை வெறும் கையில் வாங்கிக்கொண்டதுபோல இருக்கும் அவர் உள்ளங்கை. அதன் பிறகு மூன்று முறை சோப்புப் போடுவேன். சோப்புக்கட்டி என்று எனக்குப் பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வதாக அவர்களுக்கு நினைப்பு.

கைகூட இரண்டாம் பட்சம். பேச்சுதான் தாங்க முடியாது. ஒருவர் தன் குடலையே உருவி மடியில் போட்டுக் காட்டுவார். மற்றவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து, "பகிர்ந்துக்கிட்டதுக்கு நன்றி" என்பார்கள். உடனே அவர் முகம் மலர்ந்துவிடும். அந்த மலர்ச்சியைத்தான் நாங்கள் முன்னேற்றம் என்று கோப்பில் எழுதுவோம். நானும் எழுதியிருக்கிறேன், நூற்றுக்கணக்கான முறை.

ஆனால் ஒன்றைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். மலம், மூத்திரம், வாந்தி, சீழ் எதிலும் எனக்கு அருவருப்பு கிடையாது. பயிற்சிக் காலத்திலிருந்தே கிடையாது. சோப்பும் வெந்நீரும் இருந்தால் போய்விடுகிற விஷயங்கள் அவை. போகாத அழுக்குதான் என்னைப் படுத்தும்.

சரி, அவளுக்கு வருகிறேன். வார்டில் அவளைப் பேக்கரிக்காரி என்பார்கள். ஒரு பேக்கரியில் கேக்கின் மேல் க்ரீமில் பூப்போடுகிற வேலை அவளுக்கு. கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எந்த நேரத்தில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நிற்குமோ, அந்த நேரத்தில் அங்கே ஓட வேண்டியவன். பிரசவமாகி ஒன்பதாவது வாரம் அவளைக் கொண்டுவந்து சேர்த்தான். குழந்தையைத் தன் அக்கா வீட்டில் விட்டிருந்தான். அந்த அக்காவுக்குப் பிள்ளை இல்லை.

வந்தபோது அவள் பேசவில்லை. ஐந்து வாரமாகக் குளிக்கவில்லை. பால் கட்டி, கசிந்து, சட்டையில் காய்ந்து, பக்கத்தில் போக முடியாத புளித்த வாடை. தலைமுடி ஒரே சிக்குப் பந்து. வெட்டி எறிந்துவிடலாம் என்றார்கள். நான் விடவில்லை. எண்ணெய் விட்டு, விரலாலேயே இழை இழையாகப் பிரித்தேன், மூன்று நாள், தினமும் ஒன்றரை மணி நேரம். ஸ்டூலில் உட்கார்ந்து என் வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொள்வாள். இழுத்தால் வலிக்கும், ஆனாலும் முனகமாட்டாள். எனக்கு முகம்கூடச் சுளிக்கவில்லை. சொல்லப்போனால் அந்த மூன்று நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். அப்போதும் வட்டத்தில் எட்டு என்றுதான் சொன்னேன்.

பிறகு அவள் தேற ஆரம்பித்தாள். எல்லோரும் தேறுவதில்லை. அவள் தேறினாள், அதுவும் மளமளவென்று. மூன்றாவது மாதம் பார்த்தால், நடைக்கூடத்தில் முணுமுணுவென்று பாட்டு. காலையில் மற்றவர்களுடைய ரொட்டியை வாங்கி, கரண்டி முனையால் ஜாமில் பூப்போட்டுத் தருவாள். லாரிக்காரர் வரிசையில் முதல் ஆளாக நிற்பார். "தங்கச்சி, எனக்கு ரோஜாப்பூ" என்பார். அவள் வாயைத் திறந்து சிரிப்பாள், மென்ற ரொட்டி உள்ளே தெரியும். வாயை மூடி மெல்லத் தெரியாது அவளுக்கு. தையல் மாஸ்டர், கல்லூரியில் படிக்கும் பெண், எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். என்னிடமும் ஒரு நாள் பூப்போட்ட ரொட்டி ஒன்றை நீட்டினாள். "சிஸ்டர், உங்களுக்குன்னு தனியாப் போட்டேன்" என்றாள். வாங்கி மேசையில் வைத்தேன். கரண்டி அவள் வாய்க்குள் போய் வந்ததை நான் பார்த்திருந்தேன்.

அந்த வாரம்தான் வட்டத்தில் அவள் வாய் திறந்தாள். நான் எழுதிய குறிப்பு உங்களிடம் இருக்கிறது, ஆனால் அதில் எல்லாம் இல்லை. அவள் சொன்னது இது:

"பாப்பாவோட வாசனை எனக்குக் குமட்டும். எல்லாரும் மோந்து மோந்து பார்த்துக் கொஞ்சுவாங்க. எனக்கு வாந்தி வரும். ஒரு நாள் பாப்பா நிறுத்தாம அழுதுட்டே இருந்துச்சு. நான் கதவைச் சாத்திட்டுப் போய் பஸ் ஸ்டாப்புல உக்காந்துட்டேன். ஒன்றரை மணி நேரம். எந்த பஸ்லயும் ஏறல. எங்க போறதுன்னு தெரியல. திரும்பி வந்து பார்த்தா, அழுது அழுது பாப்பாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. சத்தமே வரல, வாய் மட்டும் அழுதுச்சு. அப்பவும் எனக்குத் தூக்கணும்னு தோணல. இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

ஒரு மனிதப் பிறவியாவது இதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று நினைத்தேன். லாரிக்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார். "தங்கச்சி, திரும்பி வந்துட்டல்ல, அது போதும்" என்றார். ஆலோசகர் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, "அது நோய் பண்ணினது. நீங்க பண்ணல" என்றாள். தையல் மாஸ்டர் கைதட்டினார், உடனே எல்லோரும் தட்டினார்கள். கல்லூரிப் பெண் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நாலு பேருடைய மூக்குச்சளி அவள் தோள்பட்டையில். "இப்ப உங்க மனசுக்கு எத்தனை மார்க்?" என்று ஆலோசகர் கேட்டாள். ஒன்பது என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டில் அவள் இரண்டு முட்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மஞ்சள் கரு உதட்டோரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டியது. கழிவறையில் போய்க் குனிந்து நின்றேன். ஒன்றும் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் ஒரு குழந்தை கதறியதை அரை மணி நேரத்தில் கைதட்டியே போக்கிவிட்டார்கள். நீங்களே சொல்லுங்கள், இதில் யாருக்கு நோய்?

பத்தாம் தேதி, வியாழக்கிழமை, பெரிய டாக்டர் சுற்றுக்கு வந்தார். திங்களும் வியாழனும் வருவார். கோப்பைப் பார்த்துவிட்டு அவளிடம், "இன்னும் ரெண்டு வாரம் இதே மாதிரி ஆறு மணி நேரத்துக்கு மேல தூங்கினா வீட்டுக்குப் போகலாம்" என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்று மாலை கணவன் வந்தான். பார்வையாளர் கூடத்தில் என் மேசைக்குப் பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்தார்கள், நான் மெனக்கெட்டு ஒட்டுக்கேட்கவில்லை. அக்காவும் அவள் கணவரும் வேலை கிடைத்து வெளிநாடு போகிறார்களாம், இருபத்தெட்டாம் தேதி. "நீ அதுக்குள்ள வந்துட்டா பாப்பா நம்மகூட இருக்கும். வரலைன்னா அக்கா கூட்டிட்டுப் போறேங்குது. நான் வேலையையும் பார்த்துக்கிட்டு ஒத்த ஆளா எப்படி வளர்க்கறது? பேப்பர்லாம் ரெடி பண்ணி வெச்சிருக்கு" என்றான். தலையைக் குனிந்தபடிதான் சொன்னான். "இருபத்தி நாலாம் தேதி வந்துடுவேங்க. டாக்டர் சொல்லிட்டாரு" என்றாள். அதைச் சொல்லும்போதும் சிரித்தாள்.

இப்போது தூக்கத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராத்திரிப் பணியில் இருக்கும் சிஸ்டர் மணிக்கு ஒருமுறை படுக்கைகளைச் சுற்றி வருவாள். தூங்குகிறவர்களுக்கு ஒரு தாளில் பென்சிலால் டிக் போடுவாள். காலை ஏழு மணிக்கு நான் வந்ததும் அந்தத் தாளைப் பார்த்து, யார் எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்று அவரவர் கோப்பில் பேனாவால் எழுதுவேன். டாக்டர் பார்ப்பது கோப்பை மட்டும்தான். நோயாளி தன் தூக்கத்தைப் பற்றிச் சொல்வதை எழுதக் கூடாது, ஊழியர் கண்ணால் பார்த்ததைத்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் வார்டு விதி. நான் கொண்டுவந்த விதிதான் அது. ஒருவர் ஐந்து நாள் கண்மூடாமல் இருந்துவிட்டு நன்றாகத் தூங்கினேன் என்று சாதித்தார், ஆறாம் நாள் ஜன்னலை உடைத்தார். அதற்குப் பிறகு வந்த நல்ல விதி.

பதினோராம் தேதி காலை அவள் பெயருக்கு நேரே ஏழு டிக் இருந்தது. நான் மூன்று மணி நேரம் என்று எழுதினேன்.

கை நடுங்கியதா என்று உங்கள் உதவியாளர் நேற்றுக் கேட்டார். கை ஏன் நடுங்க வேண்டும்? கைதவறி எழுதியதும் இல்லை. எழுதிவிட்டு அந்தத் தாளை நாலாகக் கிழித்து, வட்டத்தில் வைக்கும் மூக்குச்சளிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அதை யாரும் கிளற மாட்டார்கள். பன்னிரண்டாம் தேதி இரண்டு. பதின்மூன்றாம் தேதி மூன்று. பதினான்காம் தேதி திங்கட்கிழமை, இரண்டு. அந்தத் தாள்களும் அதே தொட்டிக்குத்தான் போயின.

அன்று பெரிய டாக்டர் வந்தார்.

"எப்படித் தூங்கினீங்க?"

"சூப்பராத் தூங்குறேன் டாக்டர். படுத்ததும் தெரியல, விடிஞ்சதும் தெரியல."

அவர் கோப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்பவும் கோப்பைப் பார்த்தார். "ரெண்டு மூணு மணி நேரம்தான் தூங்குறீங்க. ஆனா ரொம்ப உற்சாகமா இருக்கீங்க."

"வீட்டுக்குப் போறேன்ல டாக்டர், அதான் உற்சாகம்."

"ஆமா, அதைத்தான் சொல்றேன்" என்றார் மிகவும் கனிவாக. தூக்கம் குறைந்து, குதூகலம் கூடினால் நோய் சோர்விலிருந்து எதிர்ப்பக்கம், வெறிப் பக்கம் சாய்கிறது என்று எங்கள் பாடம். அவர் பாடத்தில் பிழை இல்லை. ஒரு புது மாத்திரை எழுதினார். வீட்டுக்கு அனுப்புவதைத் தள்ளிவைத்தார்.

எங்கள் தொழிலில் மட்டுமே நடக்கக்கூடிய தவறு இது. அடுப்பில் கேக் கருகவில்லை என்று அவள் பேக்கரியில் சொன்னால், யாராவது போய்த் திறந்து பார்ப்பார்கள். எங்கள் இடத்தில் ஒருத்தி நான் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால், அதையும் நோயின் குறிகளோடு சேர்த்து எழுதிவிடுவோம். அழுத்திச் சொன்னால் இன்னும் அழுத்தி எழுதுவோம். எனக்கு இது இருபத்தொரு வருடமாகத் தெரியும். அவளுக்குத் தெரியாது, அதனால் அழுத்திச் சொன்னாள். ராத்திரித் தாளைக் காட்டுங்கள் என்று சத்தம் போட்டாள். அதைக் கோபம், சந்தேகம் என்று குறித்துக்கொண்டார்கள்.

பிறகு என்னிடம் வந்தாள். நான் மருந்து அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர், எனக்குப் பயமா இருக்கு. நான் தூங்கினேனா இல்லையான்னு எனக்கே தெரியல. தூங்கினதா நினைச்சுக்கிட்டு முழிச்சிட்டே கிடக்கறேனா?"

"சில சமயம் அப்படி இருக்கும்மா."

"நீங்க சொன்னா நான் நம்புவேன். உங்க கை பட்டுத்தான் எனக்குத் தலையே வந்துச்சு. இருபத்தெட்டுக்குள்ள போகலைன்னா பாப்பாவை எடுத்துட்டுப் போயிடுவாங்க சிஸ்டர். நீங்க ஒரு வார்த்தை டாக்டர்கிட்ட சொல்லுங்க."

"மருந்து வேலை செய்யட்டும். அவசரப்படாத."

சரி என்று தலையாட்டினாள். எனக்கு நன்றி என்றும் சொன்னாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நீங்கள் நியாயமாகப் பார்க்க வேண்டும். கோப்பில் இரண்டு வாரத்துக்குப் பொய் இருப்பதாகக் குற்றப்பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். அது தவறு. நான் பொய் எழுதியது நான்கு நாள்தான். பதினைந்தாம் தேதியிலிருந்து தாளில் இருந்ததை அப்படியே எழுதினேன். ஏனென்றால் அதன் பிறகு அவள் உண்மையிலேயே தூங்கவில்லை. தூங்கியே ஆக வேண்டும் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டு படுப்பவளுக்கு எங்கே தூக்கம் வரும்? மூன்று டிக், இரண்டு டிக், சில நாள் ஒன்றுகூட இல்லை. ராத்திரி சிஸ்டரே பார்த்துப் போட்ட டிக். வேண்டுமானால் அவளைக் கேளுங்கள்.

புது மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கை நடுங்கியது. ரொட்டியில் கரண்டி நிற்காமல் ஜாம் சிதறியது. வட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போதே எச்சில் ஒழுகும், அவளுக்கே தெரியாது. லாரிக்காரர் தன் கைக்குட்டையை நீட்டுவார். நான் எழுந்துபோய்ச் சுத்தமான பஞ்சால் துடைத்துவிடுவேன். அந்த எச்சில் எனக்குக் கொஞ்சமும் அருவருப்பாக இல்லை என்பதை அப்போதே கவனித்தேன். அவள் முட்டை சாப்பிட்டபோது வந்த குமட்டல் எங்கே போனதோ, போய்விட்டது. நானும் நன்றாகத் தூங்கினேன், அந்த நாட்களில்.

இருபத்தாறாம் தேதி கணவன் வந்தான், அக்காவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு. மாத்திரை மாற்றிய பதினைந்து நாளைக்குள், ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை நோயாளியிடம் விட வேண்டுமென்றால் பொறுப்பு சிஸ்டர் கையெழுத்துப் போட வேண்டும். நான் போடவில்லை. அந்த அக்கா நல்ல பெண். என் மேசை முன்னால் நின்று கெஞ்சினாள்.

"அஞ்சே நிமிஷம் சிஸ்டர். தூரத்துலேந்து பார்க்கட்டும். அவ எனக்குத் தம்பி பொண்டாட்டி. பிடுங்கிட்டுப் போறேன்னு அவ நெனச்சிடக் கூடாது. குணமானதும் வந்து கூட்டிக்கோன்னு என் வாயால சொல்லிட்டுப் போறேன்."

"விதி இதும்மா. குழந்தையோட பாதுகாப்புக்குத்தான்."

"அவ உள்ளதான இருக்கா? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு காட்டறேனே."

"அவங்க பதட்டமா இருக்காங்க."

பதட்டமாகத்தான் இருந்தாள். வார்டுக் கதவுக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள். என் மேசை அந்தக் கதவுக்கு நேரே இருக்கிறது. நான் எழுந்து நின்றுதான் பேசினேன், அதனால் என் முதுகு குழந்தையை அவளிடமிருந்து மறைத்திருக்கும். நகர்ந்திருக்கலாம். நகரவில்லை. அக்கா திரும்பிப் போகும்போது அவள் தோளுக்குக் கீழே தொங்கிய ஒரு சின்னக் கால் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் கத்தவில்லை. கத்துவாள் என்று ஊசி தயாராக வைத்திருந்தேன்.

அவர்கள் போன பிறகு தரையில் ஒரு காலுறை கிடந்தது. என் கட்டை விரலுக்குத்தான் சரியாக இருக்கும். இரண்டு விரலால் தூக்கினேன். புளித்த பால் வாடை. பின்னாலிருந்து அவள் கண்ணாடியைத் தட்டினாள், அதைத் தரச் சொல்லிக் கை நீட்டிக் காட்டினாள். குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன்.

மறுநாள் வட்டத்தில் ஆலோசகர் மார்க் கேட்டபோது அவள் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் சொல்லவில்லை. இது நடந்து நாலரை மாதமாகிறது. பேச்சு நின்றது, பிறகு குளியல் நின்றது. தலை மறுபடியும் சிக்குப் பிடித்தது. வெட்டலாம் என்றார்கள், நான் விடவில்லை. பழையபடி எண்ணெய் விட்டு, இழை இழையாகப் பிரித்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து என் வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். என்னைப் பணியிலிருந்து நிறுத்தியபோது பாதித் தலைதான் முடிந்திருந்தது. இப்போது யார் சீவுகிறார்கள் என்று தெரியவில்லை. புதிதாக வந்திருப்பவள் கத்திரிக்கோலை எடுத்துவிடுவாள். தயவுசெய்து அதை மட்டும் சொல்லித் தடுத்து வையுங்கள்.

எப்படி வெளியே வந்தது என்று உங்களுக்குத் தெரியும். ராத்திரி சிஸ்டரை வேறொரு மருத்துவமனையில் ஒருமுறை தூக்கத் தாள் விஷயத்தில் மாட்டிவிட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து தான் போட்ட டிக்குகளைத் தன் நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைத்துக்கொள்கிற பழக்கமாம். வேறு எதற்கோ கோப்பைப் புரட்டியவள் நான்கு நாள் வித்தியாசத்தைப் பார்த்துவிட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்க்கிறவள். எனக்கு அவள்மேல் கோபமில்லை. நான் பழக்கிய பெண்தான்.

ஆலோசகர் என்னைப் பார்க்க வந்தாள். சின்ன வயதில் எனக்கு ஏதாவது நடந்ததா, என் அம்மா எப்படி என்றெல்லாம் கேட்டாள். என் அம்மா சுத்தமானவள், அன்பானவள். அங்கே தோண்டினால் ஒன்றும் கிடைக்காது. அவள் கேட்காமல் விட்டதை உங்களிடம் நானே சொல்கிறேன். எனக்கு ஒரு மகன் இருக்கிறான், இருபத்தாறு வயது. மாதம் ஒருமுறை போன் செய்து, அங்கே மழை பெய்கிறதா என்று கேட்பான். அவனை நான் ஒரு நாளும் தனியாக விட்டதில்லை. அழுத போதெல்லாம் தூக்கினேன். பால் கொடுத்தேன், துடைத்தேன், மடியில் போட்டுத் தூங்க வைத்தேன். அவன் வாசனை எனக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு வளர்த்தேன் மேடம், அவன் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும். எனக்கு யாரும் வட்டமாக உட்கார்ந்து கைதட்டவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஒரு தாய் அதையெல்லாம் விழுங்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். இவள் விழுங்கவில்லை, பத்துப் பேருக்கு நடுவில் கக்கினாள். கக்கிவிட்டு இரண்டு முட்டை சாப்பிட்டாள்.

இதைப் பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நான் எனக்காக ஒன்றும் செய்யவில்லை. செய்ததை மறைக்கவும் இல்லை. ஏழு டிக்கை மூன்றாக்கினேன், தாளைக் கிழித்தேன், தேறிய ஒருத்திக்குத் தேவையில்லாத மருந்து போக வழி செய்தேன், அவள் குழந்தை கைவிட்டுப் போகும்வரை பிடித்து வைத்தேன். நான்கும் நான்தான், தெரிந்தேதான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் காரணம் என்ற இடத்தில், குழந்தைக்காக என்று எழுதுங்கள். ஒன்றரை மணி நேரம் கதறிய அந்தக் குழந்தையை அந்த வட்டத்தில் ஒருவர்கூட நினைக்கவில்லை. நான் ஒருத்திதான் நினைத்தேன். இன்றைக்கும் அதை நினைக்காத நாளில்லை.

என்ன கேட்டீர்கள்? அந்தக் குழந்தை ஆணா, பெண்ணா என்றா?

கோப்பில் இருக்கும், பாருங்கள். என் கையெழுத்திலேயே நான்கு இடத்தில் இருக்கிறதா? இருக்கலாம், நான்தான் எழுதியிருப்பேன். எனக்கு ஞாபகமில்லை.